சுவருக்குள் ஒரு பாதை



கூடத்தில் தொலைக்காட்சி; மாடியில் இணையத் திசைவி; இடையே தடித்த சுவர். கம்பியில்லா அலை அச்சுவரைக் கடக்கையில் நலிந்துபோகும். புதுக்கம்பி இழுக்கவோ சுவரைத் துளைத்தல் வேண்டும். ஆனால் வீடு கட்டிய நாள்தொட்டே அறைதோறும் ஒரு கம்பி ஓடுகின்றதே! அதுதான் மின்கம்பி.

இந்நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. அதே கம்பியில் ஏற்றப்படும் செய்தியலையோ, நொடிக்கு ஏறத்தாழ 20 இலக்கம் முதல் 2 கோடியே 80 இலக்கம் வரையான சுழற்சிகளில் செல்வது. ஆதலின் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. திசைவியருகே ஒரு செருகி, தொலைக்காட்சியருகே ஒரு செருகி, இரண்டே போதும். 2001-இல் வெளிவந்த 'ஓம்பிளக்கு' முதல் நெறி நொடிக்கு 1.4 கோடித் துணுக்குகளைச் சுமந்தது. 2005-இன் அடுத்த நெறி 20 கோடியை எட்டியது. இவை ஏட்டளவே, நடப்பில் குறையும். மின்னேற்றத் தடுப்புப் பலகையில் செருகினால் மேலும் குறையும். சுவர்ச் செருகுவாயிலேயே செருகுக.

ஓர் எச்சரிக்கை! மின்கம்பி வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. அடுக்ககங்களில் அண்டை வீட்டிற்கும் செய்தி கசியக்கூடும். தொழிலகத்தார் பல செருகிகளுக்கும் பொதுவாக இட்ட திறவுச்சொல்லை மாற்றாது விடுவது, கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும். இரு செருகிகளிலும் உள்ள இணைப்புப் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினால், அவை தமக்கேயுரிய மறைதிறவை அமைத்துக்கொள்ளும்.

பாதையைப் புதிதாய் வெட்ட வேண்டா. இருக்கும் பாதையைப் பூட்ட மறவற்க!