வைப்பு நிதிக்கு உரியவர் யார்?

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் வேளையில், தமிழோடு இந்தியும் ஒடியாவும் செவியில் விழும். அங்கே பலர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். அவர்களுக்கும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் இடமுண்டா? உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால் ஆலை முதலாளியே கட்டக் கடமைப்பட்டவர்.

1952-ல் இந்நிதிச் சட்டம் பிறந்தபோது சிமெண்டு, சிகரெட்டு, பொறியியற் பொருள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களில், 50 பேருக்குக் குறையாத ஆலைகளையே அது தழுவியது. 1960-ல் அந்த ஐம்பது இருபதாயிற்று. ஓராண்டு உழைத்த பின்னரே சேரலாம் என்றிருந்த விதியும் பிற்காலத்தில் நீங்கியது. இப்பொழுது வேலைக்குச் சேர்ந்த நாள்முதலே உரிமை உண்டு.

கட்டாயமாகச் சேர்வதற்குரிய மாதச் சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆயிற்று. சேர்ந்தபின் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் உறுப்பினர் உரிமை போகாது. இதைப் பலர் அறியார்.

ஐ.டி.ஐ. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுவோர் இந்நிதியில் சேரார். ஆனால் 'பயிற்சியாளர்' என்று பெயர் மட்டும் சூட்டி, முழு உற்பத்தி வேலையையும் வாங்கிக்கொண்டு நிதி கட்டாதிருப்பதை நான் நியாயம் என்று கொள்ளேன். பதிவு செய்த பயிற்சி ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள்.

பொதுவாக உங்கள் பங்கு 12 விழுக்காடு. முதலாளியின் பங்கும் அதுவே. இரண்டும் சேர்ந்தனவா என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். வேலை மாறினாலும், ஊர் மாறி ஒடிசாவுக்கே சென்றாலும், உறுப்பினரின் 12 இலக்க எண் மாறுவதில்லை.