பக்கத்தின் பாரம்



சென்ற தவணையில் ஒரு நாள், எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியும் கையுமாக என் அறை வாசலில் வந்து நின்றாள். உயர்தர வகுப்புக்குரிய பாடக்குறிப்பு ஒன்றை இணையத்தில் திறக்க முயன்றிருக்கின்றாள். வெண்டிரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. அதே பக்கத்தை என் மேசைக் கணினியில் திறந்தேன்; கண் இமைக்குமுன் விரிந்தது. “என்ரை போன்தான் சரியில்லை, சேர்” என்று அவள் தலை குனிந்தாள். குறை அவளுடைய கருவியில் அன்று. பக்கத்தை ஆக்கியோர் அதன்மேல் ஏற்றிவைத்த பாரத்திலேயே இருந்தது என்பதை எங்கள் கணினி ஆசிரியர் பின்னர் விளக்கினார்.

இதனையொத்த உண்மை நிகழ்ச்சி ஒன்றை, யூடியூப் நிறுவனத்தில் பணிபுரிந்த பொறியியலாளர் கிறிஸ் சக்கரியாஸ் 2012 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அங்கே காணொளி பார்க்கும் பக்கம் 1.2 மெகாபைற்றுவரை பருத்திருந்தது. அதனை அவர் 98 கிலோபைற்றாகக் குறைத்தார். கணக்கெடுத்தபோதோ, சராசரிக் காத்திருப்பு நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது! காரணம் யாது? தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, சைபீரியா ஆகிய இடங்களிலிருந்து புதியவர்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கியிருந்தனர். மெலிந்த பக்கமே அவர்களுக்குத் திறக்க 2 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பழைய பக்கமாயின் 20 நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்கும். ஆதலின் அவர்கள் முன்பு வந்திலர், கணக்கிலும் இடம்பெற்றிலர். வாசலைக் கடக்க இயலாத பிள்ளையின் பெயர் வரவு இடாப்பில் ஏறுவதில்லை அல்லவா?

இனி, பக்கம் திரையில் உருவாகும் முறையைப் பார்ப்போம். உலாவி முதலிற் பக்கத்தின் கட்டமைப்பைப் பெறுகின்றது. பின்பு நிறத்தையும் அமைப்பையும் விதிக்கும் கோப்பைப் பெறுகின்றது. இவ்விரண்டும் கிடைத்தாலன்றி அது திரையை வரையத் தொடங்காது. இடையிலே யாவாஸ்கிரிப்ட் நிரல் குறுக்கிட்டால், அதனை இறக்கி இயக்கி முடிக்கும்வரை கட்டமைப்பை வாசிக்கும் வேலை நின்றுவிடும். மலிவான கைத்தொலைபேசிக்கு இறக்குவது மட்டுமன்றி இயக்குவதும் பெருஞ்சுமையே.

கலியாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பாயசம் காய்ச்சி முடியும்வரை இலை போடாமல் விருந்தினரை இருத்திவைப்பது முறையாகுமா? முதலில் இலை, பின்பு சோறும் கறியும். பாயசம் அதன் வேளையில். அவ்வாறே, முதற் பார்வைக்கு வேண்டிய எழுத்து முந்தவேண்டும். உடனே வேண்டாத நிரலை, கட்டமைப்பு வாசிக்கப்பட்ட பின் இயங்குமாறு குறித்துவிடலாம். கீழேயுள்ள படங்களை வாசகர் அவ்விடத்தை நெருங்கும்போது தருவிக்கலாம். படங்களைத் திரைக்கேற்ற அளவுக்குச் சிறிதாக்கலாம். அவற்றின் அகல உயரத்தை முன்னரே குறித்தால், வாசிக்கும் வரி திடீரெனக் கீழே துள்ளாது. பயன்படாத நிரலை அடியோடு நீக்குவது எல்லாவற்றிலும் நன்று.

இதற்கு அளவுகோலும் உண்டு. கூகிள் நிறுவனம் 2020 இல் அறிவித்த வரையறைப்படி, முதலில் தெரியும் பகுதியின் மிகப் பெரிய கூறு 2.5 செக்கனுக்குள் தோன்றவேண்டும். 2024 இல் அதனோடு சேர்ந்த அளவுப்படி, தொட்டபின் 200 மில்லிசெக்கனுக்குள் திரை மறுமொழி காட்டவேண்டும். நான்கில் மூன்று வருகைகளில் இவை நிறைவேறினாற் போதுமாம். நல்ல அளவுகோல்தான், ஆயினும் எஞ்சிய நான்காவது பங்கிலேதான் எங்கள் மாணவி நிற்கின்றாள்.

எங்களிடம் கற்று இத்தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆக்கும் பக்கத்தை உங்கள் உயர்ந்த கணினியில் மட்டும் பாராதீர்கள். மலிவான கைத்தொலைபேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, அலைவரிசை நலிந்த ஓரிடத்தில் நின்று ஒருமுறை திறந்து பாருங்கள். கடைசி வாங்கில் இருப்பவளுக்கும் கேட்கிறதா என்று பார்ப்பது ஆசிரியன் கடமை. அது உங்கள் கடமையுமாகும்.