அடிமை வாய் திறந்த அரங்கு



1936ஆம் ஆண்டு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கில் புதிய நாடகமொன்று மேடையேறிற்று. எழுதியவர் திரினிடாட் தீவினரான சி. எல். ஆர். ஜேம்ஸ். 1791இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாகிய சென் டொமிங்கிற் கிளர்ந்தெழுந்த கரும்புத் தோட்ட அடிமைகளின் வரலாறே கதை. அவர்தம் தலைவன் தூசன் லூவர்த்தூராக நடித்தவர், புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் போல் றோப்சன்.

சட்டம் பயின்ற நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். 1685ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வடிமைகளை அசையும் ஆதனம் என்றது. 1794இற் பாரிஸ் விடுதலை வழங்கிற்று. 1802இல் நெப்போலியன் அடிமை முறைக்கு மீண்டும் சட்டவலு அளித்தான். தூசன் 1803இற் பிரெஞ்சுச் சிறையில் மாண்டான். ஆயினும் 1804இல் அந்நாடு ஹெயிட்டி என்னும் சுதந்திர நாடாயிற்று!

பிறர் எழுதித் தந்த உரிமையை எழுதிய கையே அழிக்கும். மக்கள் தாமே நிலைநாட்டிய உரிமையே நிலைக்கும். ஆதனமென்று எழுதப்பட்டவன் மேடையேறி மனிதனாகப் பேசினான். அக்குரலைக் கேட்ட நாம், வெறுங்கையொலியுடன் வீடு திரும்பலாமோ?