படிக்கப் போகிறீர்களா? உடன்படிக்கையைப் படித்துவிட்டுப் போங்கள்!

(மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் இளைஞர்களை வழியனுப்பி ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் முன்னோர்கள் வியாபாரத்திற்காகக் கப்பலேறினார்கள். போன இடத்தில் கடை வைத்தார்கள், பள்ளிவாசலும் கட்டினார்கள். 1826-ல் தொடங்கிய சிங்கப்பூர் சூலியா பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சாட்சி. இப்போது நம் பிள்ளைகள் படிப்பதற்காக விமானம் ஏறுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் இளைஞனே, எதை நம்பிப் போகிறாய்? "பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸைக் கட்டிவிடலாம்" என்று ஆசை காட்டும் ஏஜெண்டையா?

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சரிக்கட்ட முடியாது. இரண்டு கடையில் வேலை பார்த்தாலும் இரண்டும் சேர்த்தே 20. சொந்தத் தொழில் அறவே கூடாது. இந்த வருமானம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஈடுகொடுத்தாலே பெரிது. கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வரும்?

அப்போதுதான் ஒருவர் வருவார். "கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன்" என்பார். கூலியைக் குறைத்தால் உன்னால் புகார் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். பிடிபட்டால் விசா போகும், படிப்பு போகும். ஊரில் வாங்கிய வட்டிக் கடன் மட்டும் போகாது!

விசா என்பது நீ கையெழுத்திட்ட ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. காஃபிருடைய நாடுதானே என்று அதில் சலுகை தேடாதே!

அங்கே கடை நடத்தும் சகோதரர்களே, உங்களுக்கும் சொல்கிறோம். அனுமதியின்றி ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரி முதல் ஆளொன்றுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம்; மீண்டும் பிடிபட்டால் 60,000 வரை. நம் பிள்ளையின் வியர்வையில் மிச்சம் பிடிக்கும் காசில் பரக்கத் இருக்குமா?

போய் இறங்கிய முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. மருத்துவத்திற்காக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் விசாவோடு கட்டியிருப்பாய். வீட்டருகே உள்ள டாக்டரிடம் உடனே பதிவு செய். காய்ச்சல் வந்த பிறகு தேடாதே. இங்கிலாந்தில் தனி வீடு வாடகைக்கு எடுத்தால், அட்வான்ஸ் தொகையை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் சேர்க்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கு. முழுநேர மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரி கிடையாது. பல்கலைக்கழகச் சான்றிதழைக் காட்டு. டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். லுஹரும் அஸரும் வகுப்பிலேயே கழிந்துவிடாதபடி, தொழுகை அறை எங்கே என்று முதல் நாளே விசாரி.

ஊரிலுள்ள வியாபாரிகளே! திருமணப் பந்தலுக்கு லட்சங்களைக் கொட்டும் நம்மால், ஜமாஅத்துக்கு ஒரு மாணவனுக்காவது வட்டியில்லா அழகிய கடன் கொடுக்க முடியாதா? கட்டணக் கடன் கழுத்தை நெரிக்காத பிள்ளைக்கு இருபத்தோராவது மணி நேரம் வேலை செய்யும் தேவை வராது. வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் இதைப் பேசி முடிவெடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியையும் கண்ணியத்தையும் காப்பானாக! ஆமீன்.