விண்ணுக்குச் செல்ல வேண்டியவர் யார்?



விண்வெளிக்கு மனிதரை அனுப்ப வேண்டுமா, எந்திரங்களே போதுமா என்னும் வினா இன்று நம் நாட்டின் முன் நிற்கிறது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக விளங்கிய சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. அதற்கான செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். மனிதரைச் சுமந்து செல்லவிருக்கும் ககன்யானுக்கோ 2018இல் ஒப்புதல் பெற்ற தொகையே 9,023 கோடி. கணக்கை மட்டும் பார்ப்பவர் எந்திரமே போதும் என்று முடித்துவிடுவர். அவ்வளவு விரைவில் முடித்துவிடும் வழக்கன்று இது.

அரியலூர், பெரம்பலூர் மண்ணே இதற்குச் சான்று பகரும். ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த நிலம் இது. சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் எந்திரம் மலைபோற் கல்லைப் பெயர்த்துக் குவிக்கும். அக்கல்லினுள் அம்மோனைட்டு ஓடு சுருண்டு கிடப்பதை அறியாது. சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். அதற்கு முன் அதனை வெறுங்கல்லென்று எண்ணிக் கடந்து சென்றோர் எத்தனை பேரோ! கண் மட்டும் போதாது. கற்ற கண் வேண்டும்.

நிலவிலும் அதுவே நிகழ்ந்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட் புவியியல் கற்றவர். சாம்பல் நிற மண்ணிடையே ஆரஞ்சு நிறம் தென்பட்ட அளவிலேயே நின்று தோண்டினார். 350 கோடி ஆண்டுகளுக்கும் முன் எரிமலை உமிழ்ந்த கண்ணாடி மணிகள் அவை. ஆறு அப்பல்லோ பயணங்களில் மனிதர் கொணர்ந்தவை 382 கிலோ. அதே காலத்தில் சோவியத்து நாட்டின் மூன்று லூனா எந்திரங்கள் கொணர்ந்தது ஏறத்தாழ 300 கிராம். எந்திரத் திறன் இன்று வளர்ந்துவிட்டது, உண்மையே. ஆயினும் எதிர்பாராததைக் கண்டு நிற்கும் மனம் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை.

எனினும், மனிதர் செல்வதன் விலை பணம் மட்டுமன்று. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் கொலம்பியா ஓடத்துடன் மாண்டனர். ஆகவே எந்திரம் முன்னே செல்லட்டும். அது கண்டு விடுக்கும் புதிருக்கு மனிதர் பின்னே சென்று விடை காணட்டும்.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு இதில் மற்றொரு கவலையும் உண்டு. 1957 நவம்பர் 3 அன்று லைக்கா என்னும் நாயை, மீட்டுக் கொணரும் வழியே வகுக்காமல் விண்ணுக்கு அனுப்பினர். வெப்பம் தாளாது சில மணி நேரத்தில் அது இறந்தது. ககன்யானுக்குத் தேர்வான நால்வர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, இடரை அறிந்து இசைந்தவர்கள். அந்த ஐயறிவு உயிரிடம் இசைவு கேட்டவர் யார்?

நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் சோதனைப் பயணத்திற்கு விலங்கை நாடவில்லை. வியோமித்ரா என்னும் பெண்ணுருவ எந்திரத்தைச் செய்து வைத்திருக்கிறது. முதலில் ஏறப்போவது அதுவே. அது பழுதின்றித் திரும்பிய பின்னரே மனிதர் ஏறுவர்.