வெளியேறும் உரிமையும் நுழையும் இசைவும்



அயல்நாட்டுப் பயணம் என்றவுடன் கப்பலும் வானூர்தியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அப்பயணம் நிகழுமா, நிகழாதா என்பதை முடிவு செய்பவை இரண்டு தாள்களே. ஒன்று கடவுச்சீட்டு, மற்றொன்று விசா எனப்படும் நுழைவிசைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். கடவுச்சீட்டு சொந்த நாடு தருவது; இன்னார் எம் குடிமகன் என உலகுக்கு அறிவிப்பது. நுழைவிசைவு அயல்நாடு தருவது. இன்ன காரணத்துக்காக வரலாம், இத்தனை நாள் தங்கலாம் என வரையறுப்பது. 'பார்க்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே விசா என்பதன் வேர். தாளைப் பார்த்து ஒப்பமிட்ட அலுவலரின் செயல், அத்தாளுக்கே பெயராகி நிலைத்துவிட்டது.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்க அலுவலர் புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அம்முத்திரை விழுந்தது பண்டத்தின் மீது. மனிதனுக்கு முத்திரை தேடும் வழக்கம் உலகெங்கும் கட்டாயமானது அண்மைக் காலத்தில்தான். முதல் உலகப்போருக்கு முன்னர், உருசியப் பேரரசு, துருக்கி போன்றவை நீங்கலாக, ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றுக்குக் கடவுச்சீட்டின்றியே சென்றுவர முடிந்தது. 1914இல் போர் மூண்டதும் ஒற்றர் அச்சம் எல்லைகளை மூடிற்று. போருக்காக வந்த கட்டுப்பாடு போர் முடிந்த பின்னரும் விலகவில்லை. 1920 அக்டோபரில் பாரிசில் நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கங்கள் கொண்ட சிற்றேடாக அமைதல் வேண்டும் என வகுத்தது. இம்முறை ஒருநாள் முற்றிலும் நீங்கும் என்ற நம்பிக்கையையும் வெளியிட்டது. நீங்கும் என்று எண்ணியது நிலைத்தது. அதே 1920இல் இந்தியாவுக்குள் நுழைவதற்கான கடவுச்சீட்டுச் சட்டமும் பிறந்தது. நூறாண்டுகளைக் கடந்து வழங்கிய அச்சட்டம், 2025ஆம் ஆண்டின் குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது.

நுழைவு விதி எவ்வளவு பணிவான சொற்களில் எழுதப்பட்டாலும், அதன் உள்நோக்கம் எத்தகையதாக இருக்கக்கூடும் என்பதற்குக் கோமகாட்டா மாரு என்னும் சப்பானியக் கப்பலின் வரலாறு சான்றாகும். 1908இல் கனடா ஒரு விதி செய்தது. குடியேற வருவோர் தாம் பிறந்த நாட்டிலிருந்தோ, குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ இடையில் தங்காமல் ஒரே தொடர்ப்பயணமாக வருதல் வேண்டும் என்பது அது. இந்தியர் என்ற சொல்லே அதில் இல்லை. ஆயினும் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேராகச் செல்லும் கப்பல் கிடையாது. நேர்ப்பயணச் சீட்டு விற்பதும் கனடிய அரசின் அழுத்தத்தால் நின்றுபோயிற்று. அதனுடன், ஆசியர் தலைக்கு 200 டாலர் கையிருப்புக் காட்டவேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. பெயர் சொல்லாமலே ஒரு மக்களினத்துக்குக் கதவு அடைக்கப்பட்டது.

அவ்விதியை எதிர்த்துப் பார்க்கத் துணிந்த குர்தித் சிங் அக்கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். 376 பயணிகளுடன் 1914 மே 23ஆம் நாள் அது வான்கூவர் துறையை அடைந்தது. பயணிகளில் பெரும்பாலோர் பஞ்சாபியச் சீக்கியர். அனைவரும் பிரித்தானியப் பேரரசின் குடிகள். கனடாவும் அதே பேரரசின் ஓர் உறுப்பே. எனினும் முன்னரே அங்கு வாழ்ந்தோர் உள்ளிட்ட இருபத்து நால்வர் மட்டுமே இறங்க விடப்பட்டனர். ஏனையோர் உணவுக்கும் குடிநீருக்கும் தட்டுப்பட்டு, கரையைக் கண்முன் கண்டுகொண்டே இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்தனர். நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சூலை 23ஆம் நாள் போர்க்கப்பல் ஒன்றின் காவலுடன் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். செப்டம்பர் 29ஆம் நாள், கல்கத்தாவை அடுத்த பட்ஜ்பட்ஜில் காவலர் துப்பாக்கிக்கு ஏறத்தாழ இருபது பயணிகள் இரையாயினர். கனடா நாடாளுமன்றத்தில் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் மன்னிப்புக் கோரியது 2016 மே 18ஆம் நாள். இடையில் கழிந்தவை நூற்றிரண்டு ஆண்டுகள்.

இன்றைய விதிகள் அவ்வாறு மறைபொருள் உடையனவா? ஐரோப்பாவின் ஷெங்கன் முறையை எடுத்துக்கொள்ளலாம். 1985 சூன் 14ஆம் நாள் லக்சம்பர்க்கின் ஷெங்கன் சிற்றூரில் ஐந்து நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கை அது. 1995 மார்ச் 26 முதல் உள்ளெல்லைச் சோதனைகள் நீங்கலாயின. 2025 தொடக்கத்தில் உறுப்பு நாடுகள் 29 ஆயின. ஒரே இசைவில் அத்தனை நாடுகளுக்கும் செல்லலாம். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. கடவுச்சீட்டு பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, பணவசதிச் சான்று, கைரேகை ஆகியனவும் வேண்டும். மிகுதியான நாள் தங்கும் நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பித்தல் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாகக் காலந்தாழ்த்தலாகாது.

இச்சான்றுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கின் ஒரே வினாவே எஞ்சும்: 'திரும்பிச் செல்வாயா?' வேலைச் சான்றும் வங்கிக் கணக்கும் அவ்வினாவுக்கான விடைகளே. பணமில்லாத மூதாட்டி, மகளின் பேறுகாலத்துக்குச் செல்ல விரும்பினால், தாய்மையை மெய்ப்பிப்பதைவிடத் திரும்பி வருவதை மெய்ப்பிப்பதே அவருக்குக் கடினம். இசைவு கிடைத்த பின்னரும் எல்லையில் அலுவலர் மறுக்கலாம். இசைவு நுழையும் உரிமையாகாது என ஐரோப்பிய விதியே கூறுகிறது.

இதன் அடிப்படை ஓர் இடைவெளியில் உள்ளது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமைப் பேரறிக்கையின் 13ஆம் பிரிவு, எந்த நாட்டை விட்டும் வெளியேறவும், சொந்த நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. பிற நாட்டினுள் நுழையும் உரிமை பற்றி அது வாய் திறக்கவில்லை. வாயிலைக் கடந்து தெருவுக்கு வரும் உரிமை உண்டு. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் என்ற உறுதி இல்லை.

முதற்பாதியை இந்தியா நீதிமன்றத்தின் வழியாகவே பெற்றது. அயல்நாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தன்னுரிமையில் அடங்கும் என 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை அரசின் விருப்பத்தைச் சார்ந்திருந்த கடவுச்சீட்டுக்கு அவ்வாண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. காரணம் கூறாமல் கடவுச்சீட்டைப் பறித்தது பற்றி எழுந்த மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாதல் வேண்டும் என்று 1978 சனவரியில் அம்மன்றம் வற்புறுத்தியது.

இரண்டாம் பாதிக்கு இத்தகைய உலக நீதிமன்றம் இல்லை. எல்லையைக் காப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை என்பதை மறுப்பாரும் இல்லை. ஆயினும் கதவைத் திறக்க மறுக்கும் கை, காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டது. ஐரோப்பிய விசா விதித்தொகுப்பு, மறுப்புக்குரிய காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும், மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்றும் வகுத்திருப்பது சிறிய செய்தியன்று. 1908இன் விதி தன் நோக்கத்தை மறைத்தது. எழுதப்பட்ட காரணமோ எதிர்த்து வாதிட இடந்தருகிறது. பிழையான காரணத்தைத் திருத்தலாம். சொல்லாத காரணத்தை என் செய்வது?

ஆகவே நுழைவிசைவு வேண்டி நிற்பவர் இரந்து நிற்பவர் அல்லர். விதியை முழுதும் படித்து, உண்மையை மட்டும் கூறி, மறுக்கப்பட்டால் காரணம் கேட்டு, வேண்டின் முறையிடுவது அவர்க்குரிய நெறி. விதியைத் தெளிவாக எழுதி, அனைவர்க்கும் ஒப்ப நடத்தி, மறுப்புக்கு விளக்கம் தருவது நாட்டுக்குரிய நெறி. இவ்விரண்டும் பொருந்துமிடத்தில் எல்லைக்கோடு இருப்பினும் மனிதனின் மானம் குன்றாது. வான்கூவர் துறையில் இரண்டு மாதம் காத்திருந்தோர் வேண்டியது அம்மானத்தையே.