மனம் வைக்கும் இடம்

(கடத்தூரில் ஆற்றிய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நமது தருமபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழ வைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த வரலாற்றை யாவரும் அறிவோம். அவர் சங்க காலத்தவர். 'நல்வழி' அருளிய ஔவையார் பிற்காலத்தவர் என்பர் ஆராய்ச்சியாளர். காலம் வேறாயினும், ஔவை என்னும் திருப்பெயர் இம்மண்ணுக்கு உறவுடையது. ஆதலின் நல்வழியின் 40 வெண்பாக்களுள் ஒன்றை இன்று சிந்திப்போம்.

நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகிய நான்கும் தமக்கு அழிவு நெருங்கும்போது கருவை ஈனும். அவைபோல, ஒருவனுக்கு ஞானமும் செல்வமும் கல்வியும் அழியும் காலம் வரும்போது, அவன் மனம் தனக்கு உரியரல்லாத மகளிரை நாடும். இதுவே அவ்வெண்பாவின் பொருள்.

குஞ்சு பொரித்ததும் தாய்நண்டு மடியும் என்பது முன்னோர் கொண்ட கருத்து. அஃது எல்லா நண்டுக்கும் பொருந்தாது என்று இன்றைய உயிரியல் கூறும். முத்தை எடுக்கப் பிளந்தால் சிப்பி மாளும். மூங்கில் பல்லாண்டு தழைத்து, ஒருமுறை பூத்து, அரிசி உதிர்த்துப் பட்டுப்போகும். குலை தள்ளிய வாழை மறுமுறை குலை தள்ளுவதில்லை. இவற்றைக் காட்டிலும் தோட்டத்திலும் கண்ட மக்களுக்கே ஔவையார் உவமை கூறினார்.

உவமையின் உயிர் 'கரு' என்பதில் உள்ளது. கரு வெளியிலிருந்து தாக்கும் பகையன்று. உள்ளே தோன்றி உள்ளேயே வளர்வது. முறையற்ற ஆசையும் அத்தகையதே. தொடக்கத்தில் அது பிறர் கண்ணுக்குப் புலப்படாது. முற்றி வெளிப்படும் நாளில் சுமந்தவனையே வீழ்த்தும். எனவே அது அழிவின் காரணம் மட்டுமன்று, அழிவு தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமும் ஆகும்.

ஞானம் வேறு, கல்வி வேறு என்று பிரித்துக் கூறியதும் எண்ணத்தக்கது. கற்றதனால் பெறுவது கல்வி. நன்று இது, தீது இது என்று தெளிவது ஞானம். இராவணன் சாமகானம் இசைத்துச் சிவபெருமானை மகிழ்வித்தவன். இலங்கையின் செல்வத்திற்கோ அளவில்லை. ஆயினும் சூர்ப்பணகை கூறிய அழகைக் கேட்ட மாத்திரத்தில், காணாத சீதைமேல் மனம் வைத்தான். முதலில் ஞானம் அகன்றது. மாரீசன் கூறிய நல்லுரையும் வீடணன் கூறிய அறவுரையும் செவியில் ஏறவில்லை. அடுத்து இலங்கை எரிந்தது. இறுதியில் அவன் கற்ற கல்வி அவனைக் காக்கவில்லை.

இன்னொன்றும் நோக்குக. வாழை மடியினும் கனியைத் தந்து, பக்கக் கன்றையும் விட்டுச் செல்கிறது. மூங்கில் விதையையும், சிப்பி முத்தையும் விட்டுச் செல்கின்றன. முறைகெட்டு அழிந்தவன் விட்டுச் செல்வது யாது? மனைவியின் கண்ணீரும், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இயலாத பிள்ளைகளின் நாணமுமே.

இப்பாடல் பெண்களைப் பழிப்பது என்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று. ஔவையார் ஒரு பெண்ணை விளித்தே இதனைக் கூறுகிறார். குற்றத்தை மனம் வைத்தவன்மேலேயே ஏற்றுகிறார். ஆண் பெண் இருபாலாருக்கும் நீதி ஒன்றே. இக்காலத்தில் இக்கரு கைப்பேசியிலும் வளரக் காண்கிறோம். இல்லத்தாரிடம் மறைத்துப் பேசும் முதல் பேச்சு, கூசாமல் சொல்லும் முதல் பொய் — அவையே அடையாளங்கள். அங்கேயே நின்றுவிட்டவர் பிழைத்தார்.

முற்றிவிட்டால் மீட்சி இல்லையோ? உண்டு. அருணகிரிநாதர் இளமையில் காமவயப்பட்டு உடல்நலம் கெட்டு, உயிர்விடத் துணிந்து திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலிருந்து வீழ்ந்தார் என்றும், முருகப்பெருமான் அவரைத் தாங்கி ஆட்கொண்டான் என்றும் வரலாறு கூறும். அப்பெருமானே பின்னர் நம் அரூரை அடுத்த தீர்த்தமலைக்கும் திருப்புகழ் பாடினார். மனம் அதே மனந்தான். வைத்த இடம் மாறியது.

மனத்தை எங்கும் வையாமல் இருத்தல் நம்மால் இயலாது. பற்றிக்கொள்வது அதன் இயல்பு. ஆகவே அதனை இறைவன் திருவடியில் வைப்போம். கைப்பிடித்த துணையிடத்து வைப்போம். பெற்ற மக்களிடத்து வைப்போம். ஆலயத்தினின்று இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், 'என் மனம் இன்று எங்கே இருக்கிறது?' என்று ஒருமுறை தம்மையே வினவிக்கொள்ள வேண்டுகிறேன். அவ்வினாவுக்கு அஞ்சாமல் விடை கூறும் இல்லத்தில் ஞானமும் செல்வமும் கல்வியும் நிலைபெறும்.

திருச்சிற்றம்பலம்.